ஞாயிறு இல்லாத பட்டியல்

என் பிரிவு உபசார விழாவில் பேசிய நான்கு பேரும் நான் தவறே செய்யாதவன் என்று சொன்னார்கள். அந்த நால்வரில் இரண்டு பேர் என் தவறுகளை உட்கார்ந்து திருத்தியவர்கள். கையில் சால்வையோடு நிற்கிறவர் வேறு எதைச் சொல்ல முடியும்? அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசையில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த புதியவர்களாகிய நீங்கள் அதை நம்பிவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலை என்னவென்று என் மைத்துனருக்கு வருடக்கணக்கில் விளக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் சாத்தான்குளத்தில் கணக்கு வாத்தியார். "ஒரு கணக்கை எதுக்கு ஆயிரம் தடவ போடுதிய? ஒரு தடவ ஒழுங்கா போட்டா ஆவாதா?" என்பார். கணக்கு வாத்தியாருக்கு ஆகும், கடலுக்கு ஆகாது. கடல் இரண்டு முறை ஒரே மாதிரி நடந்துகொண்டதில்லை. அதனால் காற்றையும் நீரோட்டத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே கேள்வியைக் கம்ப்யூட்டரில் ஆயிரம் முறை ஓட்டுகிறோம். ஆயிரம் விடை வருகிறது. அப்படித் திரும்பத் திரும்ப ஓட வைக்கும் லூப்பை எழுத ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். லூப்பிலிருந்து வருவதை எங்கே, எப்படி வைப்பது என்று கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு தவறுகள் தேவைப்பட்டன.

முதல் தவறு நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலேயே நடந்தது. துறைமுகத்துக்குள் திரும்பும் கப்பல் எதிர்க்காற்றில் எவ்வளவு தூரம் விலகும் என்று ஐந்நூறு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் விடையை ஒரே பெயரில் வைத்தேன். புதியது வந்து உட்கார்ந்ததும் பழையது போய்விட்டது. ஐந்நூறு ஓட்டமும் முடிந்தபோது கையில் இருந்தது கடைசி விடை ஒன்றுதான். அந்த ஒன்றுக்குச் சராசரி எடுத்தேன். அதே எண் வந்தது. விடைகளுக்குள் வித்தியாசமே இல்லை, மிகுந்த துல்லியம் என்று அறிக்கையிலும் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டேன்.

என் மேலதிகாரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோதே அவருக்கு அது பிடிக்காது. அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏய்யா, பந்தியில ஐநூறு பேரு சாப்பிட்டிருக்கான். நீரு கடைசியா கை கழுவுனவன மட்டும் புடிச்சு, சாப்பாடு எப்பிடின்னு கேட்டுட்டு வந்து நிக்கீரு."

அவ்வளவுதான் சொன்னார். அன்று முதல் எந்த விடையையும் நான் அழிய விடவில்லை. வருவதையெல்லாம் ஒரு பட்டியலின் வாலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவேன். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியிலேயே பல வருடங்கள் ஓடின. இரண்டாவது தவறு அந்த நிம்மதிக்குள்தான் இருந்தது.

துறைமுக வாய்க்காலைத் தூர்வாருகிற மண்ணைக் கடலில் கொட்டினால் அது எங்கே போய்ச் சேரும் என்று ஒரு வேலை வந்தது. அதற்காகச் சங்கு குளிக்கப் போகும் ஐந்து படகுகளில் நீரோட்டம் அளக்கும் சிறிய கருவி ஒன்றைக் கட்டிவிட்டோம். முத்துக் குளிப்பு நின்று பல காலமாகிவிட்டது; அதே பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், இப்போது சங்குக்குத்தான் முங்குகிறார்கள். படகுக்காரர்கள் போகும்போது கருவியும் போகும். மாதக் கடைசியில் கருவிகள் நம் அலுவலகத்துக்கு வரும். ஒரு வருட அளவுகள் சேர்ந்ததும், ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் முறை ஓட்டி, அந்த ஆயிரம் விடையையும் ஒரு கட்டாகக் கட்டி, பட்டியலின் வாலில் சேர்த்தேன். பட்டியலை எல்லோரும் பாராட்டினார்கள். கேட்டவர்கள் எல்லோரும் கேட்டது வருடச் சராசரியை மட்டும்தான். சராசரி சரியாகவே இருந்தது.

அடுத்த வருடம் ஆவணி மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்தைத் திறக்கும்போதே வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் நம் கருவியைத் தூக்கிப் போகும் படகுகளில் மூன்றுக்குச் சொந்தக்காரர். படகுக்காரரை இங்கே சம்மாட்டி என்பார்கள். இன்னொருவர் ஸ்டெல்லா, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண். அவருடைய கணவர் கில்பர்ட்டும் கில்பர்ட்டின் தம்பியும் முந்தின நாள் காலை சொந்த ஃபைபர் படகில் சங்குக்குப் போனவர்கள். பகல் இரண்டு மணிக்கு எஞ்சின் நின்றுவிட்டது என்று போன் வந்திருக்கிறது. நின்ற இடத்தைச் சொன்னதுமே சிக்னல் போய்விட்டது. சொல்ல வேண்டிய இடங்களுக்கெல்லாம் தகவல் சொல்லியாயிற்று. அவர்களும் தேடப் புறப்பட்டுவிட்டார்கள்.

"எங்க போட்டு மூணு ரெடியா நிக்கி சார். எந்தப் பக்கம் போவணும்னு மட்டும் சொல்லுங்க. எல்லாப் பக்கமும் தேட ஆளுமில்ல, பொழுதும் காணாது" என்றார் சம்மாட்டி.

என்னிடம் பட்டியல் தயாராக இருந்தது. படகு நின்றது வருடத்தின் இருநூற்றைம்பத்தெட்டாவது நாள். போன வருடம் அதே நாளில் நீர் எப்படி ஓடியது என்று பார்க்க, பட்டியலில் இருநூற்றைம்பத்தெட்டாவது கட்டை எடுத்தேன். எஞ்சின் நின்ற இடத்தைக் கொடுத்தேன். ஆயிரம் புள்ளிகளும் ஸ்க்ரீனில் தெற்கே போய், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே கரையோரமாகக் குவிந்தன. ஆயிரத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓட்டங்களில் படகு இரண்டு நாளைக்குள் கரையைத் தொட்டது.

"எண்ணூத்திப் பன்னெண்டா?" என்று ஸ்டெல்லா கேட்டார்.

"ஆமா."

அவர் அதுவரை நின்றுகொண்டிருந்தார். அந்த எண்ணைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சம்மாட்டி மட்டும் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இது ஐப்பசியில அடிக்க காத்து மாதிரில்லா இருக்கு. இப்ப கச்சான்லா அடிக்கு. கச்சான்ல படகு எப்பிடி தெக்க வரும்?"

கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று. அது எனக்கும் தெரியும். வாசலில் அதைத்தான் என் முகத்தில் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தது, அண்ணாச்சி."

இந்த வாக்கியத்தை நீங்களும் ஒருநாள் சொல்வீர்கள். எதிரில் இருப்பவரை வாயடைக்க இதைவிட நல்ல வாக்கியம் நம் தொழிலில் கிடையாது. அவர் வாயை மூடிக்கொண்டார். எட்டரை மணிக்கு மூன்று படகுகளும் தெற்கே புறப்பட்டன, சம்மாட்டி முதல் படகில். ஸ்டெல்லா வீட்டுக்குப் போகவில்லை. வயர்லெஸ் பெட்டி நம் அலுவலகத்தில் இருந்ததால் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்றே முக்காலுக்குப் பெட்டி பேசியது.

"சார், நீங்க சொன்ன பக்கமா மூணு மணி நேரம் வந்தாச்சு. ஒண்ணுங் காணல. இங்கன சும்மா ஒரு மெதவயத் தூக்கிப் போட்டேன். அது வடக்க போவுது சார். எங்க மெதவ வடக்க போனா அவனுவ மட்டும் எப்பிடி தெக்க வருவானுவ?"

எனக்கு முதலில் வந்தது கோபம், வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு மிதவையை வைத்துக்கொண்டு ஆயிரம் ஓட்டத்தைக் கேள்வி கேட்கிறாரே என்று. பிறகு ஒரு யோசனை வந்தது, கோபத்தைவிட மோசமான யோசனை. "காற்று மாறியிருக்கும்" என்று சொல்லிவிடலாம். கடல்தானே, மாறும். யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். அதைச் சொல்ல மைக்கைக் கையில் எடுத்தும்விட்டேன். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நிமிசம் இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை வைத்தேன்.

அந்த இரண்டு நிமிடத்தில் செய்தது, முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒன்று. பட்டியலில் மொத்தம் எத்தனை கட்டு இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். முந்நூற்றுப் பத்து என்று வந்தது.

வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்பது மாறியதாக எனக்குத் தகவல் இல்லை. ஐம்பத்தைந்து நாளைக் காணவில்லை. டிசம்பர் மாதத்து நாள் எதையாவது யாராவது கேட்டிருந்தால், அப்படி ஒரு கட்டே இல்லை என்று புரோகிராம் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருக்கும். டிசம்பரை யாரும் கேட்கவில்லை.

"அம்பத்தஞ்சு நாள் காணோம்" என்று வாய்விட்டே சொன்னேன். எந்த நாட்கள் என்று எனக்கு ஓடவில்லை. மண்டைக்குள் மின்வெட்டு, கருவிக் கோளாறு, மழை என்று போய்க்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழமய கூட்டிட்டியளா சார்?" என்றார் ஸ்டெல்லா.

"என்னது?"

"ஞாயித்துக்கெழம எங்க ஆளுக கடலுக்குப் போவ மாட்டாகல்லா? பூசைக்குப் போவாக. போட்டே போவலன்னா உங்க மிசினு எப்பிடிப் போவும்? வருசத்துக்கு அம்பத்திரெண்டு ஞாயிறு. கிறிஸ்மசு ஒண்ணு, பெரிய வெள்ளி ஒண்ணு, மாதா கோயில் தேரு ஒண்ணு. அம்பத்தஞ்சு சரியா வருதா?"

சரியாக வந்தது.

இதில் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை. நான் இதே மாவட்டத்து நாசரேத்தில் வளர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமை நானும் ஆலயத்தில்தான் இருப்பேன். இந்த ஊரில் ஞாயிறு இல்லாத பட்டியல் யார் கண்ணுக்கும் குறையாகத் தெரியாது. நமக்கு எல்லோருக்குமே அது வேலைக் கணக்கில் வராத நாள். அளவு இல்லாத நாளை என் லூப் சத்தமில்லாமல் தாண்டிவிட்டது. தாண்டினால் அந்த இடத்தைக் காலியாக விட்டு வை என்று நான் அதற்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறுக்கும் பட்டியல் ஒரு நாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. செப்டம்பர் நடுவில் வந்து கேட்டால், நாற்பத்தைந்து நாள் தள்ளி, அக்டோபர் கடைசியை எடுத்துக் கொடுத்தது. ஆவணியில் காணாமல் போனவர்களை நான் ஐப்பசிக் கடலில் தேடச் சொல்லியிருந்தேன்.

போன வருடக் காலண்டர் புதிய காலண்டருக்கு அடியில் அதே ஆணியில் தொங்கியது. ஸ்டெல்லா அதை எடுத்து விரலால் எண்ணினார். ஜனவரியிலிருந்து அந்த நாள் வரை முப்பத்தேழு ஞாயிறு, பெரிய வெள்ளி, தேர். ஆக முப்பத்தொன்பது. இருநூற்றைம்பத்தெட்டில் முப்பத்தொன்பது போனால் இருநூற்றுப் பத்தொன்பது. அந்தக் கட்டை எடுத்து ஓட்டினேன்.

புள்ளிகள் வடகிழக்கே போயின. வைப்பாறு, வேம்பார் எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டு, நடுக்கடலில் விரிந்துகொண்டே போயின. ஆயிரத்தில் அறுபத்து நான்குதான் கரையைத் தொட்டன.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. காலையில் சம்மாட்டி கேட்டதும் நான் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், வந்த விடை நல்ல விடை. எண்ணூற்றுப் பன்னிரண்டு. அதைச் சொன்னதும் ஒரு பெண் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அப்படிப்பட்ட விடையை யாருக்கும் சந்தேகிக்க மனம் வராது. கெட்ட விடை வந்திருந்தால் நானே பத்து முறை சோதித்திருப்பேன்.

ஸ்டெல்லா ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இப்ப எத்தன சார்?"

"அறுபத்து நாலு."

"மத்ததுல?"

"கடல்ல போய்க்கிட்டே இருக்கும். நாப்பத்தெட்டு மணி நேரம் ஆனதும் கணக்கு நின்னுரும்."

"கணக்கு நின்னா?"

நான் மைக்கை எடுத்தேன். "அண்ணாச்சி, தப்பு என்னோடது. காத்து மாறல, நான்தான் தப்பான நாளைப் பார்த்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. திரும்பி வடகிழக்க போங்க." இடத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சரி சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

போனது மூன்று மணி நேரம், திரும்புவது மூன்று மணி நேரம். மத்தியானம் யாரோ டீ வாங்கி வந்து வைத்தார்கள், ஆடை கட்டிப் போயிற்று. ஐந்தே காலுக்கு, வேம்பாருக்கு நேர் கிழக்கே ரொம்பத் தூரத்தில், வெளிச்சம் போகும் முன் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. கில்பர்ட் நல்லபடியாக இருந்தார். தம்பி மத்தியானத்துக்கு மேல் தாகம் தாங்காமல் கடல் தண்ணீரைக் குடித்திருக்கிறான். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். காலையிலேயே நான் சரியான கட்டை எடுத்திருந்தால் மத்தியானத்துக்கு முன்பே படகுகள் அவனிடம் போயிருக்கும். அதை யாரும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. எனக்கு எண்ணத் தெரியும்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம். லூப் ஓடத் தொடங்கும் முன்பே முந்நூற்று அறுபத்தைந்து காலி இடங்களைப் போட்டு வையுங்கள். ஒவ்வொரு விடையையும் அதன் தேதிக்குரிய இடத்தில் வையுங்கள். வராததன் இடம் காலியாகவே கிடக்கட்டும். காலியிடம் அசிங்கமாகத் தெரியும், மேலதிகாரி ஏன் என்று கேட்பார். கேட்கட்டும். வரிசையில் வந்தவனை எல்லாம் நெருக்கி உட்கார வைத்தால் வராதவன் யார் என்று ஒருநாளும் தெரியாது. எந்த விடையையும் அழிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மேலதிகாரி எனக்குச் சொன்னது, நான் உங்கள் மூத்தவர்களுக்கு எல்லாம் சலிக்கச் சலிக்கச் சொன்னது.

அதை நானே மீறியதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து கில்பர்ட்டும் ஸ்டெல்லாவும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கில்பர்ட்டுக்கு அந்தப் புள்ளிகளைப் பார்க்க ஆசை. ஸ்க்ரீனில் போட்டுக் காட்டினேன்.

"இதுல நான் எது சார்?"

அவர்களைக் கண்டெடுத்த இடத்துக்கு மிக அருகில் வந்த ஓட்டத்தைத் தேடி எடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டம். அந்த ஒற்றைப் புள்ளியைச் சிவப்பாக்கினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற புள்ளிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கன பாத்தியளா? இதுல நான் ஸ்ரீலங்காவுக்கே போயிட்டேன். புடிச்சு உள்ள போட்டாலும் சோறு போட்டிருப்பானுவ." சிரித்தார். "இது எங்கன போவுது சார், இந்தக் கடேசிப் புள்ளி?"

"அது சும்மா, திறந்த கடல்."

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவர் சிவப்புப் புள்ளியைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். கில்பர்ட் டீக்கடைப் பக்கம் கீழே போனதும், "அத அழிச்சிருங்க சார்" என்றார்.

நான் விளக்கினேன். இவை விடைகள், அழிக்கக் கூடாது, நாளைக்கு வேறு யாருக்காவது உதவும், இதெல்லாம் நடக்கவில்லை, நடந்திருக்கக் கூடியவை மட்டும்தான் என்று நல்ல தமிழில் நிதானமாக விளக்கினேன்.

"அவுகதான் வந்துட்டாகல்லா. பெறவு எதுக்கு அதுல தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவ அவுகள கடல்ல விட்டு வச்சிருக்கிய?"

அவர் பார்க்கப் பார்க்க அந்தக் கோப்பை அழித்தேன். அவருக்குத் தெரியாமல் இன்னொரு நகல் இருந்தது. திறந்து அதையும் காட்டி அழித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த ஆயிரம் ஓட்டமும் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கிளம்புகின்றன. அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே ஆயிரமும் புள்ளி பிசகாமல் திரும்ப வரும். அந்த எண்ணை என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை மட்டும் வைத்துக்கொண்டால் அவரை ஏமாற்றியதாகவும் ஆகாது, விடையைத் தொலைத்ததாகவும் ஆகாது. கொஞ்ச நேரம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். உங்களில் யாராவது இப்படிச் செய்தால் கண்டிப்பாக விளக்கம் கேட்பேன். ஸ்டெல்லா அதற்குள் படியிறங்கிப் போயிருந்தார்.